நான் அடைக்கச் சொன்ன துவாரம்

எங்கள் துணை மின்நிலையத்தின் பின்சுவரில், தரையை ஒட்டி ஒரு துவாரம் இருந்தது. ஓர் ஆள் முழங்காலிட்டுத் தவழ்ந்தால் நுழைந்துவிடலாம். அதை அடைக்கச் சொன்னவள் நான். பூச்சு சரியில்லை என்று கொத்தனாரை இரண்டாம் முறை பூச வைத்தவளும் நானே. பிறகு அதே சுவரை உடைக்க நான் பட்ட பாட்டுக்கு வேறு யாரையும் நோக முடியாது.

தொண்ணூறுகளில், காரைக்குடிக்கு வெளியே சாக்கோட்டை போகும் பக்கம் இருந்த அந்த நிலையத்தில் நான் உதவிப் பொறியாளர். பொம்பளை எஞ்சினியரை ஊர் வேடிக்கை பார்த்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்தால், "நீயும் டீச்சராப் போயிருக்கலாம்ல" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். அப்பா, அம்மா, அக்கா மூன்று பேரும் ஆசிரியர்கள். "என் கோவத்துக்கு நான் பள்ளிக்கூடம் போனா ஒரு பிள்ளை மிஞ்சாது. அதான் கரண்ட் பக்கம் வந்துட்டேன்" என்பேன். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

பகலில் என்னோடு இருந்த ஆப்பரேட்டர் ஓய்வு பெற நாலைந்து வருடமே பாக்கி இருந்தவர். பேனல் முன்னால் உட்கார்ந்து மணிக்கொரு தரம் மீட்டர்களைக் குறிப்பதும், இடையிடையே என்னைக் கிண்டல் செய்வதும் அவர் வேலை. இரண்டையும் ஒழுங்காகச் செய்வார்.

அப்புறம் அந்தப் பெண். பின்னால் இருந்த ஊர்க்காரி, என் வயதுதான் இருக்கும். காலையில் துவாரம் வழியாக உள்ளே வருவாள். டிரான்ஸ்பார்மரும் கம்பிகளும் நிற்கும் யார்டில், ஜல்லி பரப்பியிருக்கும் இடத்துக்குப் போகவே மாட்டாள். சுவர் ஓரமாக ஒரு கால்வாய் உண்டு. அதன் கரையில் புல் அறுத்து, கட்டாகக் கட்டி, வந்த வழியே தள்ளிவிட்டுப் பின்னாலேயே போய்விடுவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பதறிப்போய் ஓடினேன்.

"ஏம்மா, கம்பியெல்லாம் கரண்ட் ஓடுது. அங்குட்டுப் போயிராத!"

"எனக்குத் தெரியாதா மேடம்? ஒங்களுக்கு முந்தியே வந்தவ நானு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் அவள் முந்தானையிலிருந்து எடுத்துக் கொடுத்த வெள்ளரிப்பிஞ்சை வாங்கித் தின்றேன். இரண்டு வருடம் இப்படியே போனது. புல் அறுத்த கையோடு அவள் கால்வாயில் கிடக்கும் சருகையும் மண்ணையும் வாரி வெளியே போட்டதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு வருடம் எங்கெங்கோ குண்டு வெடித்த செய்தி பேப்பரில் அடிக்கடி வந்தது. எங்கள் நிலையத்துக்கும் ஒரு போன் வந்தது. யார்டில் குண்டு வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு எவனோ போனை வைத்துவிட்டான். போலீஸ் வந்து ஜல்லியைக் கிளறிப் பார்த்தது. ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு நான் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் போகாமல் சுற்றித்தான் நடந்தேன். ஆப்பரேட்டர் மட்டும், "குண்டு வைக்கிறவன் போன் பண்ணிச் சொல்லிட்டா வைப்பான், மேடம்?" என்று மீட்டரைக் குறித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே மேலிடத்திலிருந்து இரண்டு பக்க உத்தரவு வந்தது. முதல் பக்கம் முழுக்கக் காவல்: வாசலில் செக்யூரிட்டி போட வேண்டும், பாஸ் இல்லாதவரை விடக்கூடாது, ஆள் நுழையக்கூடிய திறப்புகளை அடைக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தில் மழை, புயல் பற்றி நாலு வரி இருந்தது. வடிகால்களைப் பார்த்து வைக்கவும் என்று அதில் எழுதியிருந்ததை நான் ரொம்பப் பின்னால்தான் படித்தேன். முதல் பக்கத்தைப் படித்த வேகத்தில் கொத்தனாருக்கு ஆள் அனுப்பிவிட்டேன்.

கொத்தனார் வருவதற்குள் புதிதாக வந்த செக்யூரிட்டி அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டார். ராணுவத்தில் இருந்து வந்தவர், கடமையில் கெட்டி. துவாரத்திலிருந்து தலையை நீட்டியவளைக் கையில் அரிவாளோடு பிடித்து, நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார். அங்கிருந்து எனக்குப் போன் வந்தது.

"மேடம், ஒரு பொம்பளை ஒங்க காம்பவுண்டுக்குள்ள நுழையப் பாத்துருக்கு. புல்லறுக்க வந்தேங்குது, மேடத்துக்கு என்னைத் தெரியுங்குது. ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆளா?"

தெரியும் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று என் புத்தி ஒரு நொடியில் கணக்குப் போட்டது. தெரிந்துதான் இரண்டு வருடமாக உள்ளே விட்டீர்களா? குண்டு மிரட்டல் வந்த வாரம் வேறு. மெமோ, விசாரணை, 'பொம்பளையை வேலைக்கு வைத்தால் இப்படித்தான்' என்ற பேச்சு, எல்லாம் கண்முன் வந்தது.

"தெரியாது. நீங்க விசாரிச்சுக்கங்க" என்றேன்.

அவள் கொடுத்த வெள்ளரிப்பிஞ்சைத் தின்ற வாய் அது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஆப்பரேட்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்டல் எதுவும் செய்யவில்லை. எழுந்து போய் மீட்டரைக் குறித்தார்.

அவளைச் சாயங்காலம் வரை உட்கார வைத்து, இனிச் சுவர்ப் பக்கம் வரமாட்டேன் என்று எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டு விட்டார்களாம். மறுநாள் துவாரம் அடைபட்டது. வெளிப்புறம், 'அத்துமீறுவோர் தண்டிக்கப்படுவர்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு போர்டும் வைத்தேன். அந்த ஞாயிறு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது கோபம், பொறாமை என்று ஏதேதோ சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. இரண்டு நாள் விட்டு விட்டுப் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் நான் வேலைக்கு வரும்போது எதிரே வரும் பஸ் தெரியவில்லை. எங்கள் இடத்தின் அமைப்பு அப்போதுதான் எனக்கு விளங்கியது. முன்பக்கம் ரோட்டுக்கு அடியில் நாலு சின்னக் குழாய்கள் உண்டு. மேட்டு நிலத்துத் தண்ணீர் அவற்றின் வழியாக உள்ளே வந்து, ஓரக் கால்வாயில் ஓடி, பின்சுவர்த் துவாரம் வழியாக வெளியே போயாக வேண்டும். குழாய்களுக்குள் ஆள் நுழைய முடியாது, அதனால் அவற்றை நான் அடைக்கவில்லை. போகிற வழியை மட்டும் அடைத்திருந்தேன். தொட்டிக்கு அடைப்பைப் போட்டுவிட்டுக் குழாயைத் திறந்து விட்ட கதைதான்.

பதினொரு மணிக்கு யார்டில் ஜல்லி தெரியவில்லை. கன்ட்ரோல் ரூமுக்குப் பக்கத்திலேயே பேட்டரி அறை. அதன் வாசலில் மூன்று படிகள். தண்ணீர் முதல் படியைத் தாண்டிவிட்டது.

பேட்டரி அறை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் இப்படித்தான் சொல்வேன்: எங்காவது கம்பி அறுந்து விழுந்தால், அந்த நொடியே கரண்டை வெட்டிவிடும் சக்தி அந்த பேட்டரிகளிலிருந்துதான் வருகிறது. அவை நனைந்து செத்தால் நிலையம் பிரேக் இல்லாத பஸ். ஒரு பழுது வந்தாலும் டிரான்ஸ்பார்மரே எரிந்துபோகும். புது டிரான்ஸ்பார்மர் கடையில் வாங்கும் சாமான் அல்ல, வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அரசு ஆஸ்பத்திரி, குடிதண்ணீர் மோட்டார்கள், சுற்று வட்டாரத்துக் கிராமங்கள் எல்லாம் என்ன செய்யும்? எந்தத் தீவிரவாதியும் செய்யாததை நான் இரண்டு மூட்டை சிமென்டை வைத்துச் செய்து முடித்திருந்தேன்.

"மேடம், எல்லாத்தையும் ஆஃப் பண்ணிருவமா?" என்று ஆப்பரேட்டர் கேட்டார்.

"மேலிடத்துல கேக்கணுமே. போன் எங்க வேலை செய்யுது?"

"அப்ப நீங்கதான் சொல்லணும்."

"மூணாவது படியத் தொட்டா ஆஃப் பண்ணிருங்க. நான் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வாசலில் அடுக்கத் தொடங்கினார். இடுப்பு வலிக்காரர். நான் தடுத்தால் திட்டுவார் என்று தெரியும், அதனால் தடுக்கவில்லை. இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

தண்ணீர் நிற்கும் யார்டுக்குள் இறங்கிப் பின்சுவருக்குப் போவது சாவைத் தேடிப் போவது. வெளியே சுற்றித்தான் போக வேண்டும். குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலைத் தாண்டியதும் குடை திரும்பிக்கொண்டது. அதை அங்கேயே எறிந்துவிட்டுச் சீமைக்கருவேல முள்ளுக்குள் புகுந்து போனேன். கடப்பாரை எடுத்து வரவில்லை என்பதே பாதி வழியில்தான் உறைத்தது. ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டேன். திரும்பவும் நேரமில்லை.

பின்சுவர் மூலை திரும்பினால் அங்கே ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, மழையில் அசையாமல் நிற்கிறார்கள். பெண்கள்தான் அதிகம். கையில் மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் இருக்கிறது. நடுவில் அவள். சுவருக்கும் அவர்களுக்கும் நடுவே என் சிவப்பு போர்டு.

"எப்ப வந்தீக?" என்றேன். இரண்டு வருடமாக அவளிடம் 'வா, போ' என்றே பேசியிருந்தேன், அன்றைக்கு என்னை அறியாமல் மரியாதை வந்தது.

"விடிஞ்சதும் வந்துட்டோம் மேடம். முன்பக்கம் வந்து கேட்டோம். பாஸ் இல்லன்னு அந்தாளு வெரட்டிட்டாரு."

"பின்ன இங்குட்டு வந்து சும்மா நிக்கிறீகளே! கையில கடப்பாரை இருக்குல்ல? உடைக்க வேண்டியதுதான!" என்று கத்தினேன். அந்த நேரத்திலும் என் கோபம் யார் மேல் பாய்கிறது, பாருங்கள்.

அவள் நிதானமாகச் சொன்னாள்: "சுவத்துப் பக்கம் வரமாட்டேன்னு ஸ்டேஷன்ல கைநாட்டு வச்சுருக்கேன்ல. நீங்க சொல்லாம எப்புடி மேடம் கைய வைக்கிறது?"

பக்கத்தில் நின்றவள் விடவில்லை. "இது எங்க ஊருணிக்குப் போற வரத்துக்கால். இதுல வர்ற தண்ணியத்தேன் வருசம் பூரா குடிக்கிறோம். வீட்டுக்கு ஒரு ஆளு முறை போட்டுச் சுத்தம் பண்ணுவோம். இந்த எடத்து முறை இவளுது. அதுக்குக் கூலியாத்தேன் அந்தப் புல்லு. ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

தெரியாது. இரண்டு வருடம் என் கண் முன்னால் அவள் வாரிப்போட்ட சருகுக்கும் மண்ணுக்கும் அர்த்தம் அதுதான் என்று தெரியாது. எங்கள் நிலையம் முந்தின மழைகளில் மூழ்காமல் இருந்ததே அவள் கையால்தான் என்றும் தெரியாது. சுவர் எழும்பியபோது, தண்ணீர் போக வழி விடுங்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கிய துவாரம் அது. நான் ஏதோ அந்தக் காலத்துக் கொத்தனார் கவனக்குறைவாக விட்டுவிட்டான் என்று நினைத்திருந்தேன்.

"உடைச்சிருங்க. நான் சொல்றேன், உடைங்க" என்றேன்.

"வாயால சொன்னாப் பத்தாது. இவ ஒருக்கா ஸ்டேஷன்ல உக்காந்தது போதும். எழுதிக் குடுங்க" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

கொட்டுகிற மழையில் எங்கே பேப்பர், எங்கே பேனா? உள்ளே தண்ணீர் எந்தப் படியில் இருக்கிறதோ தெரியவில்லை. போர்டைப் பிடுங்கி முள்ளுக்குள் எறிந்தேன். ஒருவர் கையிலிருந்த கடப்பாரையை வாங்கி, ஓங்கிப் பூச்சின் மேல் போட்டேன். கை அதிர்ந்து தோள் வரை வலித்தது. விரல் அளவுக்குச் சிமென்டு பெயர்ந்தது.

"முதல் போடு நான் போட்டுட்டேன். கேஸு வந்தா எம்மேலதான் வரும். போதுமா?" என்றேன். அழுகை வந்துவிட்டது. மழையில் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அவள் முன்னால் வந்து கடப்பாரையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "தள்ளுங்க மேடம். ஒங்க கைக்கு இது வராது. நேரா நிக்காதீக, தண்ணி அடிச்சுத் தள்ளிரும், ஓரமா நில்லுங்க" என்றாள். இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போட்டார்கள். "ஆத்தாடி, என்னா பூச்சு!" என்று ஒருத்தி சிரித்தாள். நான் இரண்டாம் முறை பூச வைத்த பூச்சு ஆயிற்றே. ஒரு செங்கல் ஆடியது, அதிலிருந்து பீச்சியடித்தது. மறுநொடி மொத்தமும் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தது. ஜல்லி, சருகு, செக்யூரிட்டியின் பிளாஸ்டிக் வாளி எல்லாம் உருண்டுகொண்டு வந்தன. அவர்கள் யாரும் அதை வேடிக்கை பார்க்கவில்லை. மண்வெட்டியோடு தண்ணீருக்கு முன்னால் ஓடினார்கள். யார்டு வழியாக வரும் முதல் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் என்று அதை வயல் பக்கம் திருப்பிவிட்டு, தெளிந்த பிறகே ஊருணிக்கு விடுவார்களாம். எங்களில் யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது பேட்டரி அறை வாசலில் இரண்டாம் படி நனைந்து கிடந்தது. மூன்றாம் படிக்கு நாலு விரல் கீழே சேற்றுக் கோடு. தண்ணீர் முதல் படிக்கு இறங்கியிருந்தது. ஆப்பரேட்டர் மணல் மூட்டை மேல் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். "சுவிட்சு மேல கைய வச்சுக்கிட்டே நின்னேன் மேடம்" என்றார். அன்றைக்குக் காரைக்குடியில் ஒரு விளக்குகூட அணையவில்லை. எங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. அணையாத விளக்குக்கு யார் நன்றி சொல்வார்கள்?

நடந்ததை நடந்தபடி எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். போலீஸிடம் தெரியாது என்று பொய் சொன்னதையும் சேர்த்தே எழுதினேன். மெமோ வந்தது. மேலதிகாரியும் வந்தார். முதலில் காச்மூச்சென்று கத்தினார். பிறகு பின்சுவரையும் மூன்று படிகளையும் பார்த்துவிட்டு, "கம்பி போடும்மா. தண்ணி போகட்டும், ஆளு போக வேணாம். சுத்தம் பண்றவங்களுக்கு முறையா பாஸ் குடு" என்றார். கனமான இரும்புக் கம்பி வைத்தோம். செக்யூரிட்டியே அவளைக் கூட்டிக்கொண்டு போட்டோ எடுக்கப் போனார். பாஸை அவளிடம் கொடுக்கும்போது, "தப்பா நெனைக்காத தங்கச்சி" என்று சொன்னாராம். எனக்கு முந்திக்கொண்டார். நான் அதுவரை அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

தினமும் நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டு, தை பிறந்துவிட்டது. ஒருநாள் மதியம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு அவள் ஊருக்கு நடந்தேன். வீடு எது என்று தெரியாது. ஊருணிக் கரையில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். தளும்பத் தளும்பத் தண்ணீர். வெயிலில் அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏதோ என் சொந்தத் தண்ணீர் மாதிரி விறுவிறுவென்று படித்துறைப் பக்கம் போனேன்.

கம்போடு ஒருவர் குறுக்கே வந்து நின்றார். ஊருணிக் காவல்காரர்.

"நில்லுங்க. யாரு நீங்க? எந்த ஊரு? குடிக்கிற தண்ணி இது. வெளியாளு எறங்கப்படாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் யார் தெரியுமா என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். நல்லவேளை, மூடிக்கொண்டேன். அவர் தன் வேலையைச் செய்கிறார். என் வாசலில் நான் போட்டிருந்த ஆள் செய்த அதே வேலை. அவர் படித்துறைப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்:

"ஏத்தா, இங்க யாரோ வந்துருக்காக. தெரிஞ்ச ஆளா, பாருங்க!"

குனிந்து குடத்தை அமுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி நிமிர்ந்தாள். அவள்தான். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எனக்கு வந்த அதே கேள்வி, இப்போது அவளிடம் போயிருந்தது. கையில் இனிப்புப் பெட்டியோடு நான் வெயிலில் நின்றேன். தெரியாது என்று அவள் சொல்லியிருந்தால் நான் மறுபேச்சில்லாமல் திரும்பிப் போயிருப்பேன்.

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நம்ம ஆளுதேன், விடுங்கண்ணே" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "செருப்பக் கழட்டிட்டு வாங்க மேடம். தண்ணி குடிங்க" என்றாள்.